இரண்டு மணிக் கட்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

நான்காம் பீரியட் எனக்கு ஓய்வு. ஸ்டாஃப் ரூமில் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். யாரோ புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஒரு மாதம் சும்மா கிடந்தது. வீட்டில் எழுத உட்கார முடியாது.

அவர் படுத்து இன்றோடு எண்பத்தாறு நாள். மூளையில் ரத்தக் கசிவு. வலது கை, வலது கால் இரண்டும் அசையாது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: "சரி." கஞ்சி வேண்டுமா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் ஞானதுரை என் பேச்சுக்கு இத்தனை சரி போட்டதில்லை. மின்கம்பத்தில் ஏறி இறங்கியே பழகிய மனிதர், யார் சொல்லியும் கேட்கிறவர் இல்லை.

டாக்டர் சொன்னது ஒன்றுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவானாலும் பகலானாலும். தவறினால் படுக்கைப் புண். புண் எலும்பு வரை போய் ரத்தத்தில் சேர்ந்தால் அப்புறம் கைவிட்டுப் போய்விடும். நான் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இ என்றால் இடப்பக்கம், ம என்றால் மல்லாக்க, வ என்றால் வலப்பக்கம். பகலில் மாடத்தி அக்கா பார்த்துக்கொள்கிறாள். மாலை ஐந்திலிருந்து காலை ஆறு வரை நான். பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மொபைலில் அலாரம். பிள்ளை குட்டி இல்லாத வீடு, வேறு யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

களைப்பு ஒன்றும் இல்லை. எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

இங்கிலீஷ் போர்டு என் பொறுப்பு. தினம் ஒரு மரபுத்தொடர், அதன் பொருள், அது பிறந்த கதை என்று மூன்று பத்தி எழுத வேண்டும். இன்று மெழுகுவர்த்தியை இரண்டு முனையிலும் கொளுத்துவது. பத்தொன்பது வருடமாக நடத்துகிற தொடர்தான். பொருள்: பிறருக்காகத் தன்னையே உருக்கிக்கொள்ளுதல், தியாகம். பிறந்த கதை எழுதும் முன் மணி அடித்துவிட்டது. நாளைக்கு எழுதலாம்.

ஆசிரியர் தின விழாவில் எந்த மாணவியைப் பேசவிட்டாலும் ஆசிரியர்தான் மெழுகுவர்த்தி. கேட்டுக் கேட்டுச் சலித்த உவமைதான். இந்த வருடம் மட்டும் போர்டில் எழுதிவிட்டு நின்று இரண்டு முறை வாசித்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒன்பது பி-யில் அக்சாள் என்று ஒரு பெண். எதையும் விடமாட்டாள். வகுப்பில் எழுந்து கேட்டாள். "டீச்சர், ரெண்டு பக்கமும் கொளுத்தினா அத எப்படி நிக்க வைக்கது?"

"நிக்க வைக்க முடியாது. படுக்கைவசமாப் பிடிக்கணும்."

"அப்பம் யாராச்சும் கையில பிடிச்சுக்கிட்டே இருக்கணும்லா டீச்சர். கீழ வைக்கவே முடியாதே."

உட்காரச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. எனக்கு ஏன் கோபம் வந்ததென்று தெரியவில்லை. நல்ல கேள்விதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் ஆராதனைக்குப் போய் முக்கால் மணி நேரத்தில் ஓடிவந்தேன். பாதிரியாரின் மனைவி ஐயரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "மெழுகா உருகுதீங்க பியூலா, ஆண்டவர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு" என்றார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே நடந்தேன். வேறு எதைச் சாப்பிட்டும் இப்படித் தெம்பு வந்ததில்லை.

மதியம் நாசரேத்திலிருந்து புஷ்பம் போன் செய்தாள். அவருடைய தங்கை தங்கபுஷ்பம். "மதினி, நான் ஒரு மாசம் வந்து இருக்கேன். மிசினத் தூக்கிட்டு வந்தாப் போதும், அங்க இருந்தே தச்சுக்கிடுவேன்" என்றாள். வேண்டாம் என்றேன். தேவைப்பட்டால் சொல்கிறேன் என்றேன். காரணத்தை இங்கே எழுத அவசியம் இல்லை.

ஞாயிறு என்றால் பாடக்குறிப்பு எழுதும் நாள். திங்கள் முதல் வெள்ளி வரை எந்த பீரியடில் என்ன நடத்தினேன் என்று நடத்துவதற்கு முன்பே எழுதி முடிப்பதுதான் எங்கள் உத்தியோகத்தின் ஒழுங்கு. தலைமையாசிரியை கையெழுத்தும் போட்டுவிடுவார். அதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. தூக்கக் கலக்கத்தில் பேனாவைத் தேடி, கண்ணாடியைத் தேடி அட்டவணையில் எழுதுவது பெரும்பாடாக இருக்கிறது. இரவுக் கட்டங்களைப் படுக்கும் முன்பே நிரப்பிவிட்டால் எழுந்தவுடன் திருப்பிவிட்டுப் படுத்துவிடலாம். இன்று அப்படியே செய்தேன். பன்னிரண்டு இ, இரண்டு ம, நான்கு வ. முன்பே தோன்றாமல் போயிற்றே.

பிப்ரவரி 10, செவ்வாய்

புது ஏற்பாடு நன்றாகப் போகிறது. அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

திருப்புதல் தேர்வுத் தாள் எண்பத்தொன்று திருத்தினேன். ஒரு தாளை இரண்டு முறை திருத்தியிருக்கிறேன். முதலில் நாற்பத்தாறு, பிறகு அறுபத்தொன்று. அந்தப் பிள்ளையே கொண்டுவந்து காட்டி எது டீச்சர் என் மார்க் என்று கேட்டது. அறுபத்தொன்றை வைத்துக்கொள் என்றேன். காலையில் அவருடைய கஞ்சிக்கு உப்புக்குப் பதில் சோடா உப்பு போட்டுவிட்டேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். நல்லா இருக்கா என்றேன். "சரி."

இதெல்லாம் யாருக்கும் நடப்பதுதான்.

பிறந்த கதைப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறதே என்று தலைமையாசிரியை கேட்டார். அடுத்த தொடருக்கும் போகவில்லை. திங்கட்கிழமை எழுதிவிடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மாலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மாடத்தி அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். "டீச்சரம்மா, அண்ணாச்சிக்கு இடுப்புக்குக் கீழ செவந்து கெடக்கு. தொட்டாக் கொதிக்கு."

உள்ளங்கை அகலம் இருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். சரி என்றார்.

பிப்ரவரி 18, புதன்

தோல் உரிந்துவிட்டது. கட்டுக் கட்ட வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் ஒரே பக்கமாக் கெடந்திருக்காங்க டீச்சர். நைட்டு திருப்புதீங்களா?" என்று கேட்டார். சுவரைக் காட்டினேன். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து இருக்கிறது. அவர் அட்டவணையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். காற்று மெத்தை வாங்கினாலும் திருப்பாமல் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தைக்கும் இதே இடத்தில்தான் வந்தது. அவருடைய அம்மா. புஷ்பத்தின் வீட்டில் கிடந்துதான் இறந்தார்கள்.

நான் இரவில் தவறுவதில்லை. எழுதி வைத்திருக்கிறேன். அப்படியானால் பகலில்தான் எங்கோ பிசகு.

பிப்ரவரி 19, வியாழன்

மாடத்தியை நிறுத்திவிட்டேன். மத்தியானம் டிவி பார்க்கிறவள் இரண்டு மணி நேரக் கணக்கை எங்கே பார்ப்பாள்? நேராகவே கேட்டேன். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அட்டவணை முன்னால் போய் நின்றாள்.

"எனக்கும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும் டீச்சரம்மா. காலைல ஆறு மணிக்கு நான் வாரப்போ தாள்ல வலம்னு எழுதியிருக்கு. அண்ணாச்சி மல்லாந்துதான் கெடக்காக. முந்தாநேத்தும் அப்படித்தான். அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். நீங்க பாவம், அசந்திருப்பீங்கன்னு நானும் வாயத் தொறக்கல."

வேலை போகிற கோபத்தில் பேசுகிறாள். படி இறங்கும்போது, "புண்ணுல தண்ணி படாமப் பாத்துக்கோங்க" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

லீவு போட்டேன். கையில் இருந்த கடைசி விடுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு, அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று தலைமையாசிரியை போனிலேயே சொல்லிவிட்டார். செய்முறைத் தேர்வுக்கும் ஆள் இல்லையாம்.

எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஐந்து முறை திருப்பினேன். ஆள் இளைத்தும் கனம் குறையவில்லை. கீழ் முதுகு விண்டு போகிறது. கட்டுப் பிரித்தால் வாடை. மூக்கைப் பொத்தாமல் நிற்கப் பழகிக்கொண்டேன்.

பகலெல்லாம் ஒரே நினைப்பு, எழுதிவிட்டால் போகும். ஆறு வருடத்துக்கு முன் அத்தையைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். குளிப்பாட்டிய பெண்கள் புண்ணைப் பற்றி அரசல்புரசலாகப் பேசிக்கொண்டார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து புஷ்பம் கதறிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன், அத்தனை சனத்தின் காதிலும் விழுகிற மாதிரி. "பெத்த தாயப் புண்ணு வைக்க விட்டவளுக்கு இப்பம் அழுகை என்ன வேண்டிக் கெடக்கு?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. அவர் படுத்த பிறகுதான் போன் செய்கிறாள். அவள் வந்தால் இந்தக் கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். நான் செத்தாலும் அதற்கு விடமாட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

பக்கத்து வீட்டு ஆயாவை மன்றாடி உட்கார வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தேன். ஆயாவால் திருப்ப முடியாது, வாயில் தண்ணீர் விடலாம், அவ்வளவுதான். மத்தியான இடைவேளையில் ஆட்டோ பிடித்துப் போய்த் திருப்பிவிட்டு வந்தேன். ஐந்தாம் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதம்.

போர்டு வெட்கக்கேடாக இருக்கிறது என்று லைப்ரரியில் பெரிய அகராதியை எடுத்தேன். இந்தத் தொடரை ஒருநாளும் அகராதியில் பார்த்ததில்லை. தெரிந்த ஒன்றை எதற்குப் பார்ப்பது?

தியாகம் என்று ஒரு எழுத்து இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த தொடராம், நானூறு வருடப் பழசு. மெழுகுவர்த்தி விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம். ஒரு முனையில் ஏற்றினாலே செலவு. இரண்டு முனையிலும் ஏற்றுகிறவனை ஊதாரி என்று ஏசியிருக்கிறார்கள். சொத்தை இரண்டு பக்கமும் கரைப்பவன். ஓய்வில்லாமல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவனுக்கு அதே பேச்சைச் சொன்னது பிற்பாடுதானாம். அப்போதும் புகழ்ச்சி இல்லை. உருப்படாத வேலை செய்கிறான் என்பதுதான்.

பத்தொன்பது வருடம். ஏறத்தாழ இரண்டாயிரம் பிள்ளைகள். அவர்கள் மெழுகுவர்த்தியை நம் ஊர்த் தியாக மெழுகுவர்த்தியாக்கி நடத்தியிருக்கிறேன். அகராதியை மூடி வைத்துவிட்டேன். போர்டைத் திருத்தவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

மாலை கரண்ட் போயிற்று. மேசை டிராயரில் அவர் சேர்த்துவைத்த பாதி மெழுகுவர்த்திகள் ஏழெட்டுக் கிடந்தன. லைன்மேன் வீட்டில் எதற்கு இத்தனை என்று கேலி செய்வேன். கரண்ட் வந்த நொடியிலேயே ஊதி அணைத்துப் பத்திரப்படுத்துவார். "எரிஞ்சது போதும், மிச்சம் நாளைக்கு" என்பார்.

ஒன்றை எடுத்து அடிப்பக்கம் சுரண்டித் திரியை வெளியே எடுத்தேன். இரண்டு பக்கமும் கொளுத்தினேன். வெளிச்சம் ஒன்றும் இரட்டிப்பாகவில்லை. பிடித்த கையில் மெழுகு சொட்டி மணிக்கட்டு பொரிந்துவிட்டது. கீழே வைக்கவும் இடம் இல்லை, அக்சாள் சொன்ன மாதிரி. படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஊதி அணைத்தேன்.

இரவுக் கட்டங்களை நிரப்பிவிட்டேன். இ, ம, வ.

பிப்ரவரி 25, புதன்

எழுதத்தான் வேண்டும்.

விடியற்காலையில் குப்பை போடப் போனபோது சுவரை ஒட்டிய வீட்டுக்காரர், ஆயாவின் மகன், வங்கியில் வேலை, தயங்கித் தயங்கி நின்றார். "தப்பா நெனைக்கப்படாது டீச்சர். ராத்திரி உங்க போன் ரொம்ப நேரம் அடிக்கு. பன்னெண்டுக்கு அடிக்கு, ரெண்டுக்கு அடிக்கு, நாலுக்கு அடிக்கு. ஒரு ரெண்டு வாரமாவே அப்படித்தான். தானா நிக்க வரைக்கும் அடிக்கு."

நான் எழுந்து அணைப்பேனே என்றேன்.

"தெரியலையே டீச்சர். போன் நின்னப்புறம் சாரு சத்தம் கேக்கும். 'சரி... சரி... சரி'ன்னு. ரொம்ப நேரம். உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

குப்பைக் கூடையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

உள்ளே வந்து பார்த்தேன். மல்லாக்கக் கிடந்தார். சுவரில் நான்கு மணிக் கட்டத்தில் வ என்று என் கையெழுத்து, அச்சடித்த மாதிரி அழகாக இருக்கிறது. படுக்கைக்கு மூன்றடி தூரத்தில் என் பாய். மூன்றடி தூரத்தில் இருந்து அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான், அதை வைத்துத்தான் கூப்பிட முடியும். நான் அவருடைய வலிக்கு, உப்புக்கு, எல்லாவற்றுக்கும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் ராத்திரி முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்.

மாடத்தி சொன்னது அத்தனையும் உண்மை.

கட்டைப் பிரித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குழி ஒரு கட்டை விரல் நுழையும். முழு ஆழம் எனக்குத் தெரியவில்லை. நர்ஸுக்குப் போன் செய்தேன். எலும்பு தெரியுதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உடனே ஆஸ்பத்திரிக்கு என்றார்.

பிப்ரவரி 26, வியாழன்

ஆஸ்பத்திரி. அழுகின தசையை வெட்டி எடுத்தார்கள். காய்ச்சல் இருக்கிறது. சம்பளம் பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று பள்ளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். டாக்டர், "எலும்புக்கு இன்னும் போகலை. இனிமே ஒரு தடவைகூடத் தவறக் கூடாது. ஒரு ஆளால முடியிற காரியம் இல்லம்மா இது. வேற யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

 இருக்கிறாள் என்றேன்.

வராந்தாவில் நின்று போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வாக்கியம் மனதுக்குள் அமைத்து வைத்திருந்தேன். அவள் "மதினி" என்றதும் ஒன்றும் வரவில்லை. "வா புஷ்பம்" என்று மட்டும்தான் வந்தது. "இந்தா கெளம்பிட்டேன்" என்றாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். தையல் மிஷினைச் சாக்கில் கட்டி டிரைவர் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். முடி நரைத்திருக்கிறது. அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் தடவினாள். அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். இந்த மூன்று மாதத்தில் என் முன்னால் அவர் அழுததே இல்லை. எனக்கு அது குத்தியது, உண்மையைச் சொல்கிறேன்.

கட்டு மாற்றும்போது வெளியே போ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்ற தாயைப் புண் வைக்க விட்டவள் என்று நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல இதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்காது. சொல்லட்டும் என்றுதான் நின்றேன்.

"அம்மைக்கும் இந்த எடம்தான்" என்றாள்.

நர்ஸ் போனார். அப்புறம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் தூங்கிட்டேன் மதினி. அப்பம் ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டரு. பகல் பூரா மிசின மிதிச்சிட்டு ராத்திரி அம்மைகிட்டப் படுப்பேன். கூப்பிட்டிருக்கும்லா. எனக்குக் காதுலயே விழல. நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான்னு ஆறு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"சரியில்ல" என்றேன். "நானும் தூங்கிட்டேன் புஷ்பம். எழுதி வச்சிட்டுத் தூங்கிட்டேன்."

வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.  ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்து, அத்தை சாவில் அழவேண்டியதையும் சேர்த்து அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். யார் யாருக்கு மதினி என்றே தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிது ஒட்டினேன். இரவு பத்து வரை நான், அதற்கு மேல் காலை ஆறு வரை புஷ்பம், அடுத்த வாரம் மாற்றி. திருப்பிய பிறகுதான் எழுத வேண்டும் என்று மேலே சிவப்பு மையில் எழுதினேன். புஷ்பம் படித்துவிட்டு, "டீச்சர் புத்தி போகுதா பாரு" என்றாள்.

மாடத்தி வீட்டுக்குப் போனேன். தின்பண்டம் ஒன்றும் வாங்கிப் போகவில்லை, அது லஞ்சம் மாதிரி இருக்கும். நீ சொன்னதுதான் நிசம், நான் சொன்னது பொய் என்றேன். அவள் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே, "அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு?" என்றாள். வேலைக்கு வருவாயா என்றதற்கு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். யோசிக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

பள்ளியில் போர்டைத் துடைத்தேன். பொருள் என்ற பத்தியில்: ஓய்வில்லாமல் உழைத்துத் தன்னை வீணாக்குதல். பிறந்த கதை என்ற பத்தியில் ஊதாரியைப் பற்றி எழுதினேன். அதன் கீழே, இதுவரை தவறாக நடத்தியதற்கு வருந்துகிறேன், பியூலா டீச்சர் என்று கையெழுத்திட்டேன். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை. அக்சாள் மட்டும் வந்து, "அப்பம் ஆசிரியர் தினத்துக்கு என்ன டீச்சர் பேசுறது?" என்று கேட்டாள். வேறு ஏதாவது பேசு என்றேன்.

மார்ச் 7, சனி

நேற்று இரவும் புஷ்பத்தின் முறை. காலையில் எழுந்து முதலில் அவரைப் பார்த்தேன். இடப்பக்கம் படுத்திருந்தார், நான்கு மணிக்கு எழுதியிருக்கிற மாதிரியே. புண்ணில் ஓரமாகச் சிவந்த புதுத் தசை. நர்ஸ் நல்லது என்கிறார். ஆற மூன்று மாதம் ஆகலாமாம், ஆறாமலும் போகலாமாம்.

அட்டவணையைப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு அவளுடைய கோணல் எழுத்தில் வ. நான்கு மணிக்கு இ. நடுவில் இரண்டு மணிக் கட்டம் காலி.

புஷ்பம் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் சுவர் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிவிட்டது. "ரெண்டு மணிக்கு அசந்துட்டேன் மதினி. அண்ணன் கூப்பிட்டப்புறம்தான் முழிச்சேன். மணி மூணே முக்கால்."

பேனா என் கையில் இருந்தது, தாள் திருத்த எடுத்திருந்தேன். மூடியைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டேன்.

"காபியக் கொண்டா" என்றேன். "இன்னைக்கு ரெண்டு மணிக்கு நான் எந்திரிக்கேன்."